செங்குருதிக் கலத்தினுள் மலேரியா ஒட்டுண்ணி: புரதங்கள் வெளியே அனுப்பப்படும் விதம்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்
விளக்கக் குறிப்பும் பயிற்சி வினாக்களும்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• செங்குருதிக் கலத்தின் அமைப்பு ஒட்டுண்ணிக்குத் தரும் நன்மை, தீமைகளைக் கூறவும்,
• ஒட்டுண்ணியின் புரதம் செங்குருதிக் கலத்தைச் சென்றடையும் படிகளை ஒழுங்குமுறையாக விபரிக்கவும்,
• அப்புரதங்களுக்கும் மலேரியாவின் பாரதூரத் தன்மைக்கும் உள்ள தொடர்பை விளக்கவும்
ஆற்றல் பெறுவீர்கள்.

1. அறிமுகம்

மலேரியாவை நுளம்பு பரப்புகின்றது என்பதைச் சிறு வகுப்பிலேயே கற்றிருப்பீர்கள். எனினும் "ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்தினுள் என்ன செய்கின்றது?" என வினவினால், பெரும்பாலான விடைகள் "பெருகிக் கலத்தை வெடிக்கச் செய்கின்றது" என்பதோடு நின்றுவிடும். இவ்விடை பிழையன்று, ஆனால் போதாது. கலம் வெடிப்பது காய்ச்சலையும் குருதிச்சோகையையும் விளக்கும். நோயாளி நினைவிழப்பதையும் சில நாட்களில் இறக்க நேர்வதையும் அது மட்டும் விளக்காது. ஒட்டுண்ணி தான் ஆக்கும் புரதங்களைத் தனது உடலுக்கு வெளியே, செங்குருதிக் கலத்தினுள் அனுப்புகின்றது. பாரதூரமான மலேரியாவை விளங்கிக்கொள்ள இச்செயற்பாட்டை அறிதல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 263 மில்லியன் மலேரியாத் தொற்றுகளும் 597,000 இறப்புகளும் நிகழ்ந்தன. இறந்தோருள் பெரும்பாலானோர் ஆபிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளாவர். இலங்கையும் இந்நோயின் கொடுமையை அறிந்த நாடாகும். 1934–35 இல் ஏற்பட்ட பெரும் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1963 இல் நோயாளர் எண்ணிக்கை 17 ஆகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் 1967–69 காலப்பகுதியில் நோய் மீண்டும் பெருமளவில் பரவியது. நீண்டகால முயற்சியின் பின்னர் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிப்படுத்தப்பட்டது.

2. நோயாக்கி

மலேரியாவை ஏற்படுத்துவது பிளாஸ்மோடியம் சாதியைச் சேர்ந்த தனிக்கல ஒட்டுண்ணியாகும். இது பற்றீரியாவும் அன்று, வைரசும் அன்று. உண்மையான கரு, இழைமணி, அகமுதலுருச் சிறுவலை, இறைபோசோம் ஆகியவற்றைக் கொண்ட இயூக்கரியோட்டாக் கலமாகும். 1880 இல் அல்ஜீரியாவில் கடமையாற்றிய பிரெஞ்சு இராணுவ வைத்தியர் அல்போன்ஸ் லாவெரன் நோயாளியின் குருதியில் இதனை முதன்முதலில் கண்டார். நுளம்பின் பங்கை 1897 இல் இந்தியாவில் ரொனால்ட் றொஸ் வெளிப்படுத்தினார்.

மனிதரில் தொற்றும் இனங்களுள் பிளாஸ்மோடியம் பல்சிபாரம், பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் ஆகியன முக்கியமானவை. பாரதூரமான நோயைப் பெரும்பாலும் ஏற்படுத்துவது பல்சிபாரம் ஆகும். இக்குறிப்பில் கூறப்படுவன அவ்வினத்துக்கு உரியன.

வாழ்க்கை வட்டம் (சுருக்கம்):
நுளம்புக் கடி → குருதி வழியே ஈரல் → ஈரற் கலங்களுள் பெருகுதல் → மெரோசொயிற்றுகள் குருதிக்குள் வெளியேறல் → செங்குருதிக் கலத்தினுள் நுழைதல் → ஏறத்தாழ 48 மணித்தியாலங்களில் பெருகிக் கலத்தை வெடித்து வெளியேறல் → புதிய செங்குருதிக் கலங்களைத் தாக்குதல்

ஒரு கலத்தினுள் நுழைந்த ஒரு மெரோசொயிற்றிலிருந்து பொதுவாக 16 முதல் 32 வரையான புதிய மெரோசொயிற்றுகள் தோன்றும். இக்குறிப்பின் விடயம் அந்த 48 மணித்தியாலங்களாகும்.

3. செங்குருதிக் கலம் ஏன்?

முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கரு இல்லை. இழைமணி, இறைபோசோம், அகமுதலுருச் சிறுவலை, கொல்கியுடல் என்பனவும் இல்லை. ஈமோகுளோபின் நிறைந்த பை என அதனைக் கருதலாம்.

ஒட்டுண்ணிக்கு உள்ள நன்மைகள்:
(அ) உடலின் ஏனைய கலங்கள், தம்முள் நுழைந்த நோயாக்கியின் புரதத் துண்டுகளைத் தமது மேற்பரப்பிலே காட்டி வெண்குருதிக் கலங்களுக்கு அறிவிக்கும். செங்குருதிக் கலத்தில் இவ்வொழுங்கு இல்லை. எனவே அது நல்ல மறைவிடமாகும்.
(ஆ) ஈமோகுளோபின் பெருமளவில் உள்ளதால் அமினோ அமிலங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

தீமைகள்:
(அ) வயது வந்தோரின் ஈமோகுளோபினில் ஐசோலியூசீன் என்னும் அமினோ அமிலம் இல்லை. அதனைக் குருதித் திரவவிழையத்திலிருந்தே பெறவேண்டும். ஆனால் செங்குருதிக் கல மென்சவ்வினூடாக அது வேண்டிய அளவில் உட்செல்லாது.
(ஆ) ஒட்டுண்ணி வளரும்போது கலம் தன் நெகிழ்தன்மையை இழக்கின்றது. விறைத்த, பழுதுற்ற செங்குருதிக் கலங்களை மண்ணீரல் வடித்து அழித்துவிடும்.
(இ) இக்குறைகளைத் தீர்க்கக் கலத்தை மாற்றியமைக்க வேண்டும். அதற்குரிய புரதங்களை ஆக்கும் பொறிமுறை அக்கலத்தில் இல்லை.

ஒரு வைரசு தன் விருந்துவழங்கிக் கலத்தின் இறைபோசோம்களைப் பயன்படுத்தித் தன் புரதங்களை ஆக்கிக்கொள்ளும். முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் அது இயலாது. ஆகவே மலேரியா ஒட்டுண்ணி தேவையான எல்லாப் புரதங்களையும் தன்னுடலில் ஆக்கி, அவற்றைத் தானே வெளியே அனுப்ப வேண்டியுள்ளது. ஆளில்லாத வீட்டில் குடியேறியவர் கதவு, யன்னல், நீர்க்குழாய் எல்லாவற்றையும் தானே செய்து பொருத்துவதற்கு இதனை ஒப்பிடலாம்.

4. புரதம் கடக்கவேண்டிய தடைகள்

மெரோசொயிற்று செங்குருதிக் கலத்தைத் துளைத்து உட்செல்வதில்லை. கலத்தின் மென்சவ்வு உட்குழிந்து, அதனைச் சூழ ஒரு பை உருவாகின்றது. இப்பை ஒட்டுண்ணிப் புன்வெற்றிடம் எனப்படும். ஒட்டுண்ணி 48 மணித்தியாலமும் இதனுள்ளேயே வாழும். எனவே உள்ளிருந்து வெளியாக அமைப்புகள் பின்வரும் ஒழுங்கில் இருக்கும்.

1. ஒட்டுண்ணியின் கலமென்சவ்வு
2. புன்வெற்றிட இடைவெளி
3. புன்வெற்றிட மென்சவ்வு
4. செங்குருதிக் கலத்தின் குழியவுரு
5. செங்குருதிக் கலமென்சவ்வு

வெளிநோக்கிச் செல்லும் புரதம் முதலாவது, மூன்றாவது மென்சவ்வுகளைக் கடக்க வேண்டும். கலத்தின் மேற்பரப்பில் அமையும் புரதமாயின் ஐந்தாவதையும் அடைந்து அதில் பதிய வேண்டும். புரதம் பெரிய மூலக்கூறு. பரவல் மூலம் மென்சவ்வைக் கடக்காது. ஆதலால் விசேட ஒழுங்கு அவசியமாகின்றது.

5. புரதத்தின் பயணம் – படிகள்

படி 1: ஆக்கம். ஒட்டுண்ணியின் இறைபோசோமில் புரதம் உருவாகி அகமுதலுருச் சிறுவலையினுள் செல்கின்றது.

படி 2: முகவரி வாசிக்கப்படல். வெளியே செல்லவேண்டிய புரதங்கள் பலவற்றின் தொடக்கப் பகுதிக்கு அண்மையில் ஐந்து அமினோ அமிலங்களாலான ஓர் அடையாளம் உண்டு. இவ்வைந்தில் முதலாவது ஆர்ஜினைன், மூன்றாவது லியூசீன். ஐந்தாவது பெரும்பாலும் குளுற்றமிக் அமிலம், அசுபாற்றிக் அமிலம், குளுற்றமைன் ஆகியவற்றுள் ஒன்றாகும். இரண்டாம், நான்காம் இடங்களில் வெவ்வேறு அமினோ அமிலங்கள் வரலாம். இவ்வடையாளம் 'பெக்செல்' எனப் பெயர் பெற்றது. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய இரு ஆய்வுக் குழுக்கள் 2004 இல் இதனைத் தனித்தனியே வெளிப்படுத்தின. அகமுதலுருச் சிறுவலையில் உள்ள பிளாஸ்மெப்சின் 5 என்னும் நொதியம் இவ்வடையாளத்தை லியூசீனுக்கு அடுத்ததாக வெட்டுகின்றது என்பது 2010 இல் காட்டப்பட்டது. இவ்வெட்டு நிகழாவிடின் புரதம் சரியாக ஏற்றுமதியாகாது.

படி 3: புன்வெற்றிடத்தை அடைதல். வெட்டப்பட்ட புரதம் சிறு புடகங்களினுள் அடைக்கப்பட்டு ஒட்டுண்ணியின் கலமென்சவ்வை அடைகின்றது. புடகம் மென்சவ்வுடன் இணைய, புரதம் புன்வெற்றிட இடைவெளியினுள் விடப்படுகின்றது. முதலாவது தடை இவ்வாறு கடக்கப்படுகின்றது.

படி 4: வாயிலினூடாகச் செல்லல். புன்வெற்றிட மென்சவ்வில் 'பிடெக்ஸ்' என்னும் புரதத் தொகுதி உண்டு. இது 2009 இல் இனங்காணப்பட்டது. இதன் பிரதான பகுதிகள் மூன்று.
• ஈ.எக்ஸ்.பி. 2 – மென்சவ்வில் துளையை அமைக்கும்.
• எச்.எஸ்.பி. 101 – ஏ.டி.பி. இன் சக்தியைப் பயன்படுத்திப் புரதத்தின் மடிப்பை அவிழ்த்துத் துளையினூடாகத் தள்ளும்.
• பிடெக்ஸ் 150 – இவ்விரண்டையும் இணைக்கும்.

புரதம் மடிந்த நிலையில் இத்துளையினூடாகச் செல்ல மாட்டாது. ஊசிக்காதில் நூல் நுழையும். முடிச்சிட்ட நூல் நுழையாது. மடிப்பு அவிழாதவாறு செயற்கையாக இறுக்கப்பட்ட புரதங்கள் புன்வெற்றிடத்திலேயே தங்கிவிட்டதைப் பரிசோதனைகள் காட்டின. 2014 இல் பிடெக்ஸ் தொகுதியின் தொழிற்பாட்டை ஆய்வாளர் தடைசெய்தபோது, ஏற்றுமதிப் புரதங்கள் புன்வெற்றிடத்தில் தேங்கின. ஒட்டுண்ணியின் வளர்ச்சியும் நின்றது. இவ்வாயில் ஒட்டுண்ணியின் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது என்பது இதனால் உறுதியாயிற்று. இத்தொகுதியின் நுண்ணமைப்பு 2018 இல் தாழ் வெப்பநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி முறையால் அறியப்பட்டது.

படி 5: சேரிடத்தை அடைதல். செங்குருதிக் கலக் குழியவுருவை அடைந்த புரதம் மீண்டும் மடிந்து தன் வடிவத்தைப் பெறுகின்றது. மேற்பரப்புக்குச் செல்லும் சில புரதங்கள் 'மௌரர் பிளவுகள்' என்னும் தட்டையான மென்சவ்வுப் பைகளினூடாகச் செல்கின்றன. ஜேர்மனிய வைத்தியர் ஜோர்ஜ் மௌரரின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. செங்குருதிக் கலத்தில் கொல்கியுடல் இல்லாத குறையை, ஒட்டுண்ணி தானே அமைத்த இப்பைகள் ஓரளவு நிறைவு செய்கின்றன.

கவனத்திற் கொள்க: ஏற்றுமதியாகும் எல்லாப் புரதங்களிலும் பெக்செல் அடையாளம் இல்லை. அது இல்லாமலே செல்லும் புரதங்களும் உள.

6. ஏற்றுமதியான புரதங்களின் தொழில்கள்

பல்சிபாரம் ஒட்டுண்ணியின் பரம்பரையலகுத் தொகுதி 2002 இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. அதில் 14 நிறமூர்த்தங்களும் ஏறத்தாழ 5,300 பரம்பரையலகுகளும் உள்ளன. இவற்றுள் சில நூறு பரம்பரையலகுகள் செங்குருதிக் கலத்துக்கு அனுப்பப்படும் புரதங்களுக்கு உரியன. அவற்றின் தொழில்களை மூன்று தலைப்புகளில் நோக்குவோம்.

6.1 போசணை பெறல்
ஒட்டுண்ணியின் புரதங்கள் செங்குருதிக் கலமென்சவ்வில் புதிய வழிகளை அமைக்கின்றன. அவற்றினூடாக ஐசோலியூசீன் போன்ற அமினோ அமிலங்களும் வேறு போசணைப் பொருட்களும் உட்செல்கின்றன.

6.2 மண்ணீரலிலிருந்து தப்புதல்
சில புரதங்கள் கலமென்சவ்வின் உட்புறத்தில் ஒன்றுசேர்ந்து மேற்பரப்பில் சிறு குமிழ்களை உருவாக்குகின்றன. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இவற்றைத் தெளிவாகக் காணலாம். குமிழ்களின் மேல் பீ.எப்.ஈ.எம்.பீ. 1 எனப்படும் புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். இதனை இனி 'ஒட்டும் புரதம்' எனக் குறிப்பிடுவோம். இப்புரதம் சிறிய குருதிக் கலன்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றது. சுவரில் ஒட்டிய கலம் குருதியோடு ஓடி மண்ணீரலை அடையாது. இவ்வாறு ஒட்டுண்ணி உயிர் தப்புகின்றது.

6.3 நிர்ப்பீடனத்திலிருந்து தப்புதல்
ஒட்டும் புரதம் கலத்தின் வெளியே தெரிவதால், உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்கும். ஆனால் ஒட்டுண்ணியிடம் இப்புரதத்துக்குரிய ஏறத்தாழ 60 வேறுபட்ட பரம்பரையலகுகள் உண்டு. ஒரு நேரத்தில் பொதுவாக ஒன்று மட்டுமே தொழிற்படும். உடல் ஒரு வடிவத்தை அடையாளங் கண்டு அழிக்கத் தொடங்க, வேறு வடிவத்தைக் காட்டும் ஒட்டுண்ணிகள் பெருகும். ஒருமுறை மலேரியா வந்தவருக்கு மீண்டும் வரக்கூடியதாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

7. பாரதூரமான மலேரியா ஏன் ஏற்படுகின்றது?

ஒட்டுண்ணிக்கு மண்ணீரலிலிருந்து தப்பும் வழியாக உள்ள அதே ஒட்டுதல், நோயாளிக்கு உயிராபத்தாக அமைகின்றது.

• மூளையின் நுண்ணிய குருதிக் கலன்களில் கலங்கள் ஒட்டித் தேங்கும்போது குருதியோட்டம் தடைப்படுகின்றது. வலிப்பும் நினைவிழப்பும் ஏற்படலாம். இது மூளை மலேரியா எனப்படும்.
• கர்ப்பிணிகளில், ஒட்டும் புரதத்தின் ஒரு குறித்த வடிவம் சூல்வித்தகத்தில் ஒட்டுகின்றது. தாய்க்குக் குருதிச்சோகையும் குழந்தைக்குக் குறைந்த பிறப்பு நிறையும் ஏற்படலாம். மலேரியா நிலவும் நாடுகளில் முதற் கர்ப்பத்தின்போது இப்பாதிப்பு மிகுதி. அடுத்த கர்ப்பங்களில் அவ்வடிவத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதால் பாதிப்புக் குறைகின்றது.
• அரிவாட்கலப் பரம்பரையலகு ஒன்றை மட்டும் கொண்டவர்களில் பாரதூரமான மலேரியா குறைவாகும். அவர்களது செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டும் புரதம் குறைவாக வெளிப்படுவது இதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

8. நோயறிதலில் இதன் பயன்

(அ) குருதிப் பூச்சுப் பரிசோதனை: ஒட்டுண்ணியின் இளம் பருவம் மோதிர வடிவமானது. இப்பருவத்தில் கலம் குருதியோடு ஓடும். முதிர்ந்த பருவத்தில் கலம் குருதிக் கலன் சுவரில் ஒட்டிவிடும். எனவே விரலிலிருந்து எடுக்கும் குருதியில் பல்சிபாரத்தின் மோதிரப் பருவமே பெரும்பாலும் காணப்படும். பூச்சில் தெரிவதை விட அதிகமான ஒட்டுண்ணிகள் உடலில் மறைந்திருக்கலாம்.

(ஆ) துரித பரிசோதனை: எச்.ஆர்.பி. 2 என்பது ஏற்றுமதியாகும் புரதங்களுள் ஒன்று. இது குருதித் திரவவிழையத்தினுள்ளும் சேர்கின்றது. துரித பரிசோதனைக் கீலங்கள் பல இப்புரதத்தை இனங்காண்பனவாகும். குணமடைந்த பின்னரும் சில வாரங்களுக்கு இப்புரதம் குருதியில் இருக்கலாம் என்பதால், நேர் விடை ஒன்று உயிருள்ள ஒட்டுண்ணியை எப்போதும் குறிக்காது. மறுபுறம், இப்புரதத்துக்குரிய பரம்பரையலகை இழந்த ஒட்டுண்ணிகள் பெருவின் அமேசன் பிரதேசத்தில் காணப்பட்டமை 2010 இல் அறிவிக்கப்பட்டது. அவ்வொட்டுண்ணிகளை இவ்வகைக் கீலம் காட்டாது விடக்கூடும். ஆகவே நுணுக்குக்காட்டிப் பரிசோதனையின் தேவை நீங்கவில்லை.

(இ) சிகிச்சை: பிளாஸ்மெப்சின் 5, பிடெக்ஸ் ஆகியன மனிதக் கலங்களில் இல்லாதவை. அவற்றைத் தடைசெய்யும் பொருள் ஒட்டுண்ணியை மட்டும் தாக்கக்கூடும் என்பதால், புதிய மருந்துகளுக்கான இலக்குகளாக இவை ஆராயப்படுகின்றன.

இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார் என்ற நிலையிலேயே 2016 ஆம் ஆண்டுச் சான்று கிடைத்தது. அதன் பின்னரும் வெளிநாடுகளில் தொற்றுற்றுத் திரும்பியோர் இனங்காணப்பட்டுள்ளனர். நோயைக் காவும் அனோபிலிஸ் நுளம்புகளும் நாட்டில் உள்ளன. மலேரியா நிலவும் நாட்டிலிருந்து வந்த ஒருவருக்குக் காய்ச்சல் ஏற்படின், தாம் சென்ற நாட்டை வைத்தியரிடம் தவறாது கூறவேண்டும். கலங்கள் குருதிக் கலன்களை அடைக்கும் முன்னர் சிகிச்சை தொடங்குவதே உயிரைக் காக்கும்.

9. மாணவர் வழமையாக விடும் தவறுகள்

• "நுளம்பு மலேரியாவின் நோயாக்கி" என எழுதுதல். நுளம்பு காவி, நோயாக்கி பிளாஸ்மோடியம்.
• "ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்தின் இறைபோசோமைப் பயன்படுத்துகின்றது" என எழுதுதல். முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் இறைபோசோம் இல்லை.
• "ஒட்டுண்ணி குழியவுருவில் நேரடியாக உள்ளது" என எழுதுதல். அது புன்வெற்றிடத்தினுள் உள்ளது.
• "புரதம் பரவல் மூலம் செல்கின்றது" என எழுதுதல். சக்தி செலவிடப்பட்டுப் புரதத் தொகுதியினூடாகச் செல்கின்றது.

குறிப்பு: பெக்செல், பிடெக்ஸ் முதலிய பெயர்களை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. படிகளின் ஒழுங்கையும் காரணங்களையும் விளங்கிக்கொள்வதே போதுமானது. கலப்புன்னங்கங்கள், மென்சவ்வு, குருதி, நிர்ப்பீடனம் ஆகிய பாடப்பகுதிகளை ஒன்றிணைத்து மீட்டுவதற்கு இக்குறிப்பைப் பயன்படுத்துக.

10. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. முதிர்ந்த மனிதச் செங்குருதிக் கலத்தில் காணப்படுவது,
(1) கரு (2) இழைமணி (3) ஈமோகுளோபின் (4) கொல்கியுடல்

2. ஏற்றுமதிப் புரதத்தின் மடிப்பு அவிழ்க்கப்படுவது,
(1) ஈமோகுளோபினைச் சமிக்கச் செய்வதற்காக (2) ஒடுங்கிய துளையினூடாகச் செல்வதற்காக (3) பிறபொருளெதிரியை ஆக்குவதற்காக (4) ஒட்சிசனைக் காவுவதற்காக

3. தொற்றுற்ற கலம் குருதிக் கலன் சுவரில் ஒட்டுவதால் ஒட்டுண்ணி பெறும் நன்மை,
(1) நுளம்பை அடைதல் (2) ஈரலை அடைதல் (3) மண்ணீரலில் அழிவதைத் தவிர்த்தல் (4) கருவைப் பெறல்

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை

(i) ஒட்டுண்ணி தேவையான புரதங்களைத் தானே ஆக்கவேண்டியிருப்பது ஏன்?
(ii) ஒட்டுண்ணியின் இறைபோசோமில் ஆக்கப்பட்ட புரதம் ஒன்று செங்குருதிக் கலக் குழியவுருவை அடையும்வரை கடக்கும் மென்சவ்வுகள் இரண்டையும் ஒழுங்காகத் தருக.
(iii) ஒட்டும் புரதம் ஒட்டுண்ணிக்கு நன்மையாகவும் நோயாளிக்குத் தீமையாகவும் அமைவது எவ்வாறு?
(iv) ஒருமுறை மலேரியா ஏற்பட்டவருக்கு மீண்டும் அது ஏற்படலாம். இதற்கான காரணம் ஒன்றை விளக்குக.

விடைகள்

பகுதி 1: 1 – (3), 2 – (2), 3 – (3)

பகுதி 2:
(i) முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கருவும் இறைபோசோமும் இல்லாமையால் அக்கலத்தினால் புதிய புரதங்களை ஆக்க முடியாது.
(ii) முதலில் ஒட்டுண்ணியின் கலமென்சவ்வு, அடுத்துப் புன்வெற்றிட மென்சவ்வு.
(iii) கலம் குருதிக் கலன் சுவரில் ஒட்டுவதால் மண்ணீரலை அடையாது, ஒட்டுண்ணி தப்புகின்றது. அதே ஒட்டுதல் மூளை போன்ற அங்கங்களின் நுண்ணிய குருதிக் கலன்களை அடைத்துக் குருதியோட்டத்தைத் தடுக்கின்றது.
(iv) ஒட்டும் புரதத்துக்கு ஏறத்தாழ 60 பரம்பரையலகுகள் உண்டு. ஒரு வடிவத்துக்கு எதிராக ஆக்கப்பட்ட பிறபொருளெதிரி வேறு வடிவத்தைக் காட்டும் ஒட்டுண்ணியை இனங்காணாது விடலாம்.